ராக்காயி கேட்ட வாக்கு

ராக்காயிக்கு வாய் அதிகம். ஈப்போவில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அதைச் சொல்வார்கள், அவளும் மறுத்ததில்லை. காப்பிக் கடையின் பின்கட்டில் மங்கு, கோப்பை கழுவுகிற வேலைதான். ஆனால் கடை முதலாளி தவுக்கே ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டால், ஈரக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு தமிழும் மலாயும் கலந்து அவள் கொடுக்கிற பதிலில் முன்கட்டில் காப்பி குடிப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவளிடம் யாராவது, "உங்க வீட்டுக்காரருக்கு அந்த ஆபரேசன் ஏன்க்கா கெடைக்காம போச்சு?" என்று கேட்டால் மட்டும் வாய் கட்டிப்போகும். குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டு, காதில் விழாதது போல் மங்கு கழுவுவாள்.

அவள் பிறந்தது சிம்பாங் பூலாய்க்கு உள்ளே தள்ளி, புக்கிட் சிலாய் ரப்பர்த் தோட்டத்து லயத்தில். அரும்பு வயசிலேயே அம்மாவோடு பால்மரத்துக்குப் போனாள். அம்மாவின் கடைசித் தம்பி பத்துமலைக்குக் கழுத்தை நீட்டினாள். கல்யாணத்துக்குப் பிறகும் அவனை "மாமா" என்றுதான் கூப்பிட்டாள், சாகிற வரைக்கும்.

பத்துமலை அவளுக்கு நேர் எதிர். நாலு கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும், அதுவும் மறுநாள் வரும். பால் வெட்டுவான், கள்ளுக்கடைக்குப் போவான், வந்து சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வான். இப்படி ஒரு ஊமையைக் கட்டிக்கொண்டு என்ன சுகத்தைக் கண்டாய் என்று கேட்டால், ராக்காயி ஆடி மாசம் வரட்டும் என்பாள்.

ஆடியில் தோட்டத்து முனியாண்டிக்குப் பூசை. அன்றைக்குப் பத்துமலைமேல் சாமி இறங்கும். பங்காளி சன்னாசி உடுக்கையைத் தட்டத் தட்ட, அந்த ஊமை மனுசனின் உடம்பு முறுக்கும், கண் மேலே செருகும், கூட்டத்தைப் பிளந்துகொண்டு அருவாள்மேல் ஏறி நிற்பான். சுருட்டை வாயில் வைத்து, படையலில் இருக்கிற கறுப்பு பீர் பாட்டிலை யாரும் எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் தானே பிடுங்கி ஒரே மூச்சில் குடிப்பான். அதன் பிறகு வாக்கு. யாருக்குப் பிள்ளை பிறக்கும், யார் வீட்டு ஆடு எங்கே போனது, எல்லாவற்றுக்கும் இடிமாதிரி பதில் வரும். தோட்டத்து ஆபீஸ் கிராணியே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்பார். ராக்காயி பக்கத்தில் விபூதித் தட்டோடு நிற்பாள். பெண்கள் சாமியைக் கும்பிட்ட கையோடு அவளையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காக அவள் வருசம் பூரா காத்திருந்தாள். இதைச் சொல்ல அவளுக்கு அப்போது வெட்கம் இருந்ததில்லை.

எழுபத்து நாலில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். லயத்தை இடித்தார்கள். வீடமைப்புக்காரன் நிலத்தைச் சமன் செய்தபோது முனியாண்டி குடியிருந்த மரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் புல்டோசர் நின்றுபோனது. சாமியின் வேலை என்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. பத்துமலை மட்டும், "டீசல் தீந்து போச்சுலா. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றான். சாமி செய்யாததைச் சாமி தலையில் கட்டுவது அவனுக்குப் பிடிக்காது. ராக்காயிக்கு அன்று எரிச்சலாக வந்தது. சாமியாடியே இப்படிப் பேசினால் மற்றவன் என்ன பேசமாட்டான்? எப்படியோ மரம் தப்பியது. வரிசை வீடுகளுக்கு நடுவில் ஒரு மரம், ஒரு கல், ஒரு அருவாள்.

குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. பத்துமலைக்குச் சுண்ணாம்புக் கல் உடைக்கிற இடத்தில் வேலை. கள்ளுக்கடை போய் சம்சுச் சாராயம் வந்தது. கள் பசியைக் கொடுக்கும், சம்சு ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ராக்காயி கத்தாத நாள் இல்லை. அவன் காது கொடுத்த நாளும் இல்லை.

எண்பத்து ஏழு தொடக்கத்தில் அவன் கண் மஞ்சளானது. வயிறு உப்பியது. ஈப்போ ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கேதான் டாக்டர் நவமணி இருந்தார். தெலுக் இந்தான் பக்கத்துக் கிராணி ஒருவரின் மகள். தோட்டத்துப் பேச்சு புரியும்.

"ஐயா, உங்க ஈரல்ல ஒரு கட்டி இருக்கு. கேன்சர்" என்றார். ராக்காயி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஈரல் நல்லா இருந்தா கட்டிய மட்டும் வெட்டி எடுத்துடலாம். உங்க ஈரலே குடிச்சுக் குடிச்சு இறுகிப் போயிருக்கு. வெட்டினா தாங்காது. ஆனா கட்டி ஒண்ணே ஒண்ணுதான், சின்னது. முழு ஈரலையும் எடுத்துட்டு வேற ஈரல் வைக்கிற ஆபரேசன் ஆஸ்திரேலியாவுல செய்றாங்க. ஒரு தர்ம அமைப்பு இந்த வருசம் ரெண்டு பேர அனுப்புது. செலவு அவங்களோடது."

"அப்ப இவர அனுப்புங்க டாக்டரம்மா" என்றாள் ராக்காயி, கடையில் சாமான் கேட்பது போல.

டாக்டர் சிரிக்கவில்லை. கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒரு குழு உட்கார்ந்து பொறுக்கி எடுக்கும் என்று விளக்கினார். கட்டி ஈரலைத் தாண்டி வெளியே போயிருக்கக் கூடாது. நெஞ்சு, எலும்பு எல்லாம் படம் எடுத்துப் பார்ப்பார்கள். வெளியே பரவியவனுக்கு ஈரலை மாற்றினாலும் நோய் திரும்ப வந்துவிடும், வைத்த ஈரலும் வீண். அப்புறம் குடி.

"யாரோ ஒருத்தர் செத்து, அவங்க வீட்டுல அழுதுகிட்டே குடுக்கற ஈரல்ம்மா அது. அதையும் சம்சுவுல ஊறப் போடறவருக்குக் குடுக்க முடியாது. ஆறு மாசம் ஒரு சொட்டு தொடாம இருந்து காட்டணும். கல்யாணம், கருமாதி, திருவிழா, எதுக்கும் கெடையாது. நீங்கதான் பாத்துக்கணும்."

"நான் பாத்துக்கறேன்" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னவள் ராக்காயி. இதை அவள் பின்னால் எத்தனையோ முறை நினைத்துக்கொண்டாள். பத்துமலை அன்று வாயே திறக்கவில்லை.

ஆனால் நிறுத்திவிட்டான். அதுதான் அதிசயம். இவள் இத்தனை வருசம் கத்தி நடக்காதது, அந்தப் பெண் டாக்டர் ஒரு தரம் சொல்லி நடந்தது. கை நடுங்கியது, ராத்திரியில் வேர்த்தது, பைத்தியம் பிடித்தவன் போல வீட்டைச் சுற்றி நடந்தான். சம்சு விற்கிற கடை இருந்த சடக்கில் போகாமல், சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். படங்கள் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். நெஞ்சு சுத்தம். எலும்பு சுத்தம். கட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. "நல்லா வர்றீங்க ஐயா. செப்டம்பர்ல குழு உட்காரும். உங்க பேரு மேலே இருக்கு" என்றார் டாக்டர். பஸ்ஸில் திரும்பும்போது பத்துமலை தானாகவே பேசினான். "ஒருத்தன் செத்துக் குடுக்கறான் இல்ல. அவன் யாரா இருப்பான்?" என்றான். 

இந்த நேரத்தில்தான் பாப்பா வாயைத் திறந்தாள். பாப்பா சன்னாசியின் அக்கா. லயத்தில் அடுத்த வீடு, பழைய பகை, புதிய உறவு, எல்லாம் உண்டு. ஒரு காதுகுத்து வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, ராக்காயிக்குக் கேட்கிற மாதிரி பக்கத்து இலைக்காரியிடம் சொன்னாள்: "ஈரல் அழுகினவன் ஒடம்புல சாமி எப்படிடி எறங்கும்? முனியாண்டி அவன விட்டுப் போயி நாளாச்சு. இந்த வருசம் பாரு, சாக்கு சொல்லிக்கிட்டு ஒக்காந்திருவான்."

ராக்காயி பாதிச் சோற்றில் இலையை மடித்தாள். பாப்பாவை அங்கேயே நார் நாராகக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கலாம். அதைச் செய்திருந்தால் ஒருவேளை எல்லாம் அதோடு தீர்ந்திருக்கும். செய்யாமல் வீட்டுக்கு வந்து புருசனிடம் கொட்டினாள்.

"இந்த வருசம் நான் ஆடல புள்ள" என்றான் அவன். "ஆடினா பாட்டில் வரும். டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்கு."

"ஒங்கள யாரு குடிக்கச் சொன்னா? சாமிதானே குடிக்கும்! இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் அந்த பீரு ஒங்களுக்கு ஏறியிருக்கா? குடிச்சுட்டு நேரா வந்து சாமியறைய கூட்டுவீங்க. அது ஒங்க ஒடம்புல தங்கறதில்ல மாமா."

இது அவள் ஏமாற்றச் சொன்னதல்ல. மனசார நம்பினாள். அந்தக் கூட்டத்தில் நம்பாதவர் யார்? கமுந்திங்கில் ஃபேக்டரி வேலை பார்த்த மகள் மட்டும் போனில், "வேண்டாம்மா, ரிஸ்க் எடுக்காதீங்க" என்று கெஞ்சினாள். நாலு எழுத்துப் படித்துவிட்டாள், அவளுக்குச் சாமியைப் பற்றி என்ன தெரியும் என்று ராக்காயி போனை வைத்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணு கேக்கணும் மாமா" என்றாள் கடைசியில், குரல் இறங்கி. "ஊருக்கெல்லாம் வாக்கு சொல்லுது. ஒங்களப் பத்தி நான் கேக்க வேணாமா? ஒங்கள அனுப்புவாங்களா, நீங்க பொழைப்பீங்களான்னு நான் யாருகிட்டப் போயிக் கேப்பேன்?"

பத்துமலை "சரி" என்றான்.

ஆடிப் பூசைக்கு எங்கெங்கோ சிதறிப்போன தோட்டத்து ஜனமெல்லாம் வந்திருந்தது. ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்துகூட ஒரு வேன் வந்தது. பத்துமலையின் நோய் எல்லோருக்கும் தெரியும், அதனால் கூட்டம் இன்னும் அதிகம். பாப்பா முன்வரிசையில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள்.

சன்னாசி உடுக்கையை எடுத்தான். வழக்கமாக ரெண்டு சுற்று வருவதற்குள் பத்துமலை முறுக்கிக்கொள்வான். அன்று வெகுநேரம் அடித்தான். பத்துமலை கண்ணை மூடி நின்றான், அவ்வளவுதான். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பாப்பா பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்தாள். ராக்காயி தட்டைக் கீழே வைத்துவிட்டு அத்தனை பேருக்கும் முன்னால் மண்ணில் முழங்கால் போட்டாள்.

"அப்பனே முனியாண்டி! எம்புருசனுக்கு நீ ஒரு வாக்கு சொல்லு. வரமாட்டியா? எங்கள விட்டுட்டியா?"

பத்துமலை கண்ணைத் திறந்தான். பாட்டிலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். சாமி தன்னையே பார்க்கிறது என்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த கணம் அவன் ஒரு கத்து கத்திப் பாட்டிலை எடுத்து அண்ணாந்தான். தொண்டை ஏறி இறங்குவதை ஊரே பார்த்தது.

"பொழைப்பான்!" என்றது அந்தக் குரல். "ஒம்புருசன் பொழைப்பான் புள்ள. நீ அழாத!"

குலவை வானத்தைப் பிளந்தது. பாப்பாவே எழுந்து வந்து சாமியின் காலில் விழுந்தாள். ராக்காயி அழுதாள், சிரித்தாள். விழுந்து கிடந்த பாப்பாவின் முதுகை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் தன் முகத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றும் அவளுக்கு.

குழு உட்காருவதற்கு முன்னால் கடைசியாக ஒரு முறை டாக்டர் நவமணி இருவரையும் கூப்பிட்டார். படமெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். வழக்கமான கேள்விதான் என்பது போலப் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். "நிறுத்தினதுலேருந்து ஒரு வாய் கூட இல்லையே ஐயா?"

"இல்ல டாக்டரம்மா, நாந்தான் பக்கத்துலயே" என்று ராக்காயி தொடங்கினாள்.

"குடிச்சேன்" என்றான் பத்துமலை. "ஆடி மாசம். ஒரு பாட்டில் கறுப்பு பீரு."

ராக்காயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, அது இவரு குடிக்கல டாக்டரம்மா! சாமி குடிச்சுது. முனியாண்டி பூசையில இவரு மேல சாமி வரும். நீங்களும் தோட்டத்துப் பக்கந்தானே, ஒங்களுக்குத் தெரியாதா? அத இவரு கணக்குல எழுதலாமா?"

டாக்டருக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் அது தெரிந்தது. அவர் பத்துமலையிடம் மெதுவாகக் கேட்டார். "அப்படியா ஐயா?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். ராக்காயி அவன் முழங்கையைக் கிள்ளினாள். பத்துமலை தலையைக் குனிந்துகொண்டான். "இல்லம்மா. நாந்தான் குடிச்சேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறைக்க அவருக்கு மனம் வரவில்லை; இவருக்காக ஒன்றை மறைத்தால், வரிசையில் நிற்கிற மற்றவருக்கு அது துரோகம். குழு சொன்னது அவர் பயந்தபடியே இருந்தது. இன்றிலிருந்து மறுபடி ஆறு மாசம். அந்த ஆண்டின் இரண்டு இடங்களும் வேறு இரண்டு பேருக்குப் போயின. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள். கட்டிதான் அடுத்த ஆண்டுவரை பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் தஞ்சோங் மாலிம் தாண்டுகிறவரை ராக்காயி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம் அப்படி. பிறகு வெடித்தாள். "ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க? சாமி குடிச்சுதுன்னா என்ன கொறஞ்சு போயிரும்?"

பத்துமலை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். "மத்த வருசமெல்லாம் வந்துச்சு புள்ள. சாமி மேல சத்தியம். வந்திருந்தா நான் குடிக்கலைன்னே சொல்லியிருப்பேன். இந்த வருசம் வரல."

அவளுக்கு உடனே புரியவில்லை.

"நானும் கூப்பிட்டுப் பாத்தேன். வரல. நீ மண்ணுல முட்டி போட்டுக் கேக்கற. ஊரு பாக்குது. நான் சும்மா மரமாட்டம் நிக்கறேன். வெக்கமா போச்சு. ஒன்ன அப்படியே விட்டுட்டு நிக்க முடியல." பிறகு, "நான் குடிச்சத சாமி தலையில எப்படிக் கட்டறது?" என்றான்.

பாட்டிலைப் பார்த்துவிட்டுத் தன்னைப் பார்த்த அந்தக் கண் ராக்காயிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அது சாமியின் கண் அல்ல. எது போகப்போகிறது என்று தெரிந்தே, தன் பெண்டாட்டி ஊரார் முன்னால் கூனிக் குறுகக் கூடாது என்று பாட்டிலை எடுத்த ஒரு மனுசனின் கண். பொழைப்பான் என்று சொன்னவனும் அவனேதான். நீ அழாதே என்று சொன்னவனும் அவனேதான். ராக்காயி முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். பாப்பா பேசிய ஒரு பேச்சுக்கு, தான் புருசனின் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறோம் என்ற வெட்கத்தில் அவளால் அவன் பக்கம் திரும்ப முடியவில்லை. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவன் ஒரு சொட்டும் தொடவில்லை. ஆண்டு முடிவில் எடுத்த படத்தில் கட்டி ஈரலின் பெரிய ரத்தக்குழாய்க்குள் இறங்கியிருந்தது. "இனிமே குழுகிட்ட கேக்க முடியாதும்மா" என்றார் டாக்டர் நவமணி. சொல்லிவிட்டு ராக்காயியின் தோளில் கை வைத்தார். பங்குனியில் பத்துமலை வீட்டிலேயே கண்ணை மூடினான்.

சாவுக்கு வந்தவர்கள் டாக்டர்களைத் திட்டினார்கள். "சாமி பொழைப்பான்னு சொல்லிச்சு. ஏழைன்னு பாத்து ஆளு பொறுக்கினவனுங்கதான் கெடுத்துட்டானுங்க" என்று பாப்பா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ராக்காயி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் டாக்டரின் மேல் தவறில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், இருபது வருசம் நாணயமாகச் சாமியாடியவனை ஊர் ஒரே நாளில் வேசக்காரன் என்று சொல்லிவிடும். வாய் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று வாழ்க்கையில் முதல் முறையாகத் தெரிந்துகொண்டாள்.

அடுத்த ஆடியில் சாமி சன்னாசிமேல் இறங்கும் என்று ஊர் முடிவு செய்தது. உடுக்கையை வேறொருவன் அடித்தான். ராக்காயி வரவேண்டாம் என்றுதான் இருந்தாள்; பாப்பா வேனோடு வந்து வாசலில் நின்று இழுத்துப்போனாள். சன்னாசி மரத்தடியில் கண்ணை மூடி நின்றான். உடுக்கையடி ஏறியது. கூட்டம் காத்திருந்தது. "அக்கா, நீ கேளு, ஒனக்குத்தான் மொத வாக்கு" என்று யாரோ ராக்காயியை முன்னால் தள்ளினார்கள்.

சன்னாசி கண்ணைத் திறந்தான். பாட்டிலைப் பார்த்தான். பிறகு தன் அக்கா பாப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

ராக்காயிக்கு அந்தப் பார்வை தெரியும். விடுவிடுவென்று போய்ப் பாட்டிலைத் தானே எடுத்து, கல்லின் அடியில் கடைசிச் சொட்டு வரை ஊற்றினாள். "இந்தாப்பா முனியாண்டி, நீ குடி" என்றாள். சன்னாசியிடம் தணிந்த குரலில், "வரலேன்னா வரல தம்பி. வீட்டுக்குப் போ" என்றாள்.

கூட்டம் கொதித்தது. "புருசன் போனதும் இவளுக்கு சாமி பயமும் போயிருச்சு! ஆளத்தான் முழுங்கினா, இப்ப பூசையையும் முழுங்க வந்துட்டா!" என்று பாப்பா கூவினாள்.

பதில் ராக்காயியின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் வாய்க்கு அது ஒரு பெரிய காரியமே இல்லை. ஒரே மூச்சில் அத்தனை பேரையும் வாயடைக்க வைத்திருக்கலாம். ஆனால் ஆளை முழுங்கினாள் என்று பாப்பா சொன்னது பொய் இல்லை. அந்த ஆடியில் சாமி வரவில்லை என்பதைச் சொன்னால் அது பத்துமலையைக் காட்டிக்கொடுத்தது ஆகும். ராக்காயி காலிப் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, வரிசை வீடுகளுக்கு நடுவே பஸ் நிற்கிற சடக்குக்குத் தனியாக நடந்தாள்.